மயக்கமும் விளக்கமும்: ஆர்.இ.எம். குழுவின் நான்காம் தொகுப்பு

பாட்டில் சொல் விளங்க வேண்டுமா என்பது பழைய வினா. பண்ணே உயிர், சொல் அப்பண் படர்தற்கு நட்ட கொழுகொம்பு மாத்திரமே என்பர் ஒரு சாரார். பொருள் விளங்காப் பாட்டு, வெறுங் குழலோசையினும் ஒருபடி தாழ்ந்ததே என்பர் மற்றொரு சாரார். 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்த காலத்து இவ்விரு கட்சியினரும் மேடையிலும் ஏட்டிலும் நெடிது வழக்காடினர். அவ்வழக்கை மீண்டும் எடுத்தல் நம் கருத்தன்று. நம் மொழியோடும் இசையோடும் சிறிதும் தொடர்பற்ற ஓரிடத்தில் அதே வினா வேறொரு வடிவில் எழுந்தது. எழுந்த இடம் அமெரிக்கா, ஆண்டு 1986, எழுப்பியது ஓர் இசைத்தொகுப்பு. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த்துறை ஏட்டில் ராக் இசைக்கு என்ன இடம் என வினவுவார் உளராயின், சொல்லும் பொருளும் உள்ள இடமெல்லாம் நம் துறைக்கு வேலை உண்டு என்பதே விடையாகும்.

ஆர்.இ.எம். என்பது ஜார்ஜியா மாநிலத்து ஏதன்ஸ் என்னும் பல்கலைக்கழக நகரில் 1980இல் தோன்றிய குழு. மைக்கேல் ஸ்டைப் பாடகர். பீட்டர் பக் கிதார் இசைத்தவர். மைக் மில்ஸ் பேஸ் கிதாரும் பில் பெர்ரி டிரம்மும் ஏற்றனர். நால்வரும் சேர்ந்து முதன்முதல் இசைத்த இடம் வழிபாடு ஒழிந்த ஒரு பழைய தேவாலயம். நிகழ்ச்சி ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்து. 1981இல் ஒரு சிறு நிறுவனத்தின் வழியாக முதல் தட்டு வெளிவந்தது. மறு ஆண்டில் ஐ.ஆர்.எஸ். என்னும் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, நான்கு பேரும் வண்டியேறி ஊர் ஊராகச் சென்று பாடினர்.

'மாற்று ராக்' என்னும் பெயரின் பொருளை ஈண்டுத் தெளிந்து கொள்ளுதல் வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க வானொலி நிலையங்களுள் வணிக நிலையங்கள் பெருநிறுவனங்களின் தட்டுகளையே மிகுதியும் ஒலிபரப்பின. பல்கலைக்கழக மாணவர் நடத்திய சிறு நிலையங்களோ தாம் விரும்பியதை ஒலிபரப்பின. இம்மாணவர் நிலையங்களாலும், சிறு அரங்குகளாலும், கையச்சு ஏடுகளாலும் வாழ்ந்த இசை தனி வழியொன்றை அமைத்துக்கொண்டது. பெருவழிக்கு மாற்றாகிய வழி என்பதே அப்பெயரின் கருத்து. அவ்வழியிற் சென்றோர் சிலரே. ஆயினும், அச்சிலர் தம் பாட்டைத் தம் உடைமையாகவே கருதினர். பின்னர் எழுந்த பூசலுக்கு இவ்வுடைமை உணர்ச்சியே வித்து.

குழுவின் முதல் தொகுப்பாகிய 'மர்மர்' 1983இல் வெளிவந்தது. முணுமுணுப்பு என்பது அச்சொல்லின் பொருள். பெயர் முற்றும் பொருந்தும். மிட்ச் ஈஸ்டரும் டான் டிக்சனும் வட கரோலினாவில் ஒலிப்பதிவு செய்த அத்தொகுப்பில், பாடகர் குரல் இசைக்கருவிகளின் மேலெழுந்து நில்லாமல் அவற்றினூடே அமிழ்ந்து கிடக்கும். சொற்கள் பாதி தேய்ந்து வரும். ஒரு சொல்லின் ஈறு அடுத்த சொல்லின் முதலோடு கலந்து மறையும். ஆங்கிலம் தாய்மொழியாக உடையாரும் இவர் யாது பாடுகின்றார் எனத் திகைத்தனர். எனினும், 'ரோலிங் ஸ்டோன்' ஏட்டின் திறனாய்வாளர், மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' உலகெங்கும் விற்றுக்கொண்டிருந்த அவ்வாண்டில், 'மர்மர்' தொகுப்பையே ஆண்டின் தலைசிறந்ததாகத் தேர்ந்தனர்.

யான் மாணவனாக இருந்த நாளில், விடுதி அறையில் நண்பர் ஒருவரும் யானும் இத்தொகுப்பைப் பலமுறை கேட்டுச் சொற்களை ஏட்டில் எழுத முயன்றதுண்டு. இருவரும் தனித்தனியே எழுதிப் பின் ஒப்பிட்டோம். ஒரு பாட்டிலேனும் இருவர் படியும் ஒத்தில. பாடவேறுபாடு என்பதன் இயல்பைச் சுவடிப் பதிப்பு வகுப்பில் கற்குமுன் அவ்வறையில் கற்றேன் எனலாம். வியப்பு யாதெனின், எம்மிருவர்க்கும் பாட்டு ஒன்றாகவே இனித்தது. அவர் எழுதியது அவர் உள்ளம். யான் எழுதியது என் உள்ளம். பாடகர் விட்ட இடைவெளியைக் கேட்போர் தம் சொல்லால் நிரப்பினர். இஃது எளிய இன்பமன்று. கேட்பவனையும் பாட்டின் ஆக்குநருள் ஒருவனாக்கும் இன்பம் அது.

'மர்மர்' தொகுப்பின் பின் 1984இல் ஒன்றும் 1985இல் ஒன்றுமாக இரு தொகுப்புகள் வந்தன. 1985ஆம் ஆண்டுத் தொகுப்பு, ஜோ பாய்டின் மேற்பார்வையில் இலண்டனில் பதிவாகியது, இருண்ட நடையுடையது, குழுவினர்க்கே அக்காலம் கசப்பாக இருந்தது. விற்பனைப் பட்டியலில் இம்மூன்று தொகுப்பும் முறையே 36, 27, 28 என்னும் இடங்களை எட்டின. பெயர் பெருகிற்று, கூட்டம் பெரிதாக வளரவில்லை.

இந்நிலையில் வந்ததே நாம் ஆராயும் நான்காம் தொகுப்பு. 1986 ஜூலைத் திங்களில் வெளிவந்த அதன் பெயர் 'லைஃப்ஸ் ரிச் பேஜன்ட்'. வாழ்வென்னும் வளமார்ந்த ஊர்வலம் எனலாம். 1964ஆம் ஆண்டின் நகைச்சுவைத் திரைப்படம் ஒன்றில் வரும் தொடரை ஒட்டிய பெயர் இது. ஆங்கில எழுத்து முறைப்படி இடவேண்டிய உடைமைக் குறியை வேண்டுமென்றே விட்டு அச்சிட்டனர். குழுவினர் இத்தொகுப்பிற்குத் தேர்ந்த தயாரிப்பாளர் டான் கேமன். இவர் ஜான் மெல்லன்கேம்ப் என்னும் புகழ்பெற்ற ராக் பாடகரின் தட்டுகளை உருவாக்கியவர்; வணிக வானொலியில் ஒரு பாட்டு எவ்வாறு ஒலித்தல் வேண்டும் என்பதை நன்கறிந்தவர். ஒலிப்பதிவு நிகழ்ந்ததும் இந்தியானா மாநிலத்தில் இருந்த மெல்லன்கேம்பின் கூடத்திலேயே. கேமன் இரண்டு செய்தார். டிரம்மின் ஒலியைக் கூர்மையாக்கி முன்னிறுத்தினார். பாடகரைச் சொல் தெளியப் பாடுமாறு தூண்டினார். தொகுப்புப் பட்டியலில் 21ஆம் இடம் சென்றது. ஐந்து இலட்சம் படிகள் விற்றமைக்குரிய 'தங்கத் தட்டு' என்னும் சிறப்பைக் குழு முதன்முதல் பெற்றது.

இதனைப் பழைய அன்பருட் சிலர் சரிவு என்றனர். மறைந்து நின்ற குரல் சந்தைக்காக வெளியில் வந்தது. முணுமுணுத்தவன் கூவி விற்கத் தலைப்பட்டான் என்பது அவர்தம் குற்றச்சாட்டு. இக்கூற்றை எளிதில் தள்ளுதல் தகாது. முற்கூறிய இடைவெளி உண்மையிலேயே அடைபட்டது. 1983இல் தன் சொல்லால் பாட்டை நிரப்பியவன், 1986இல் வெறுங் கேட்போனாக நிறுத்தப்பட்டான். அவன் இழந்தது பெரிது; அவ்விழப்பைப் பொறாமை என்று இகழ்வோர் இலக்கிய இன்பத்தின் ஒரு கூற்றை அறியாதார். எனினும் இழப்பு வேறு, சரிவு வேறு. குரல் தெளிந்தமையால் பாட்டின் மறைபொருளும் அழிந்ததா என்பதே ஆராயற்பாலது.

ஈண்டு நம் இலக்கணத்தார் வகுத்த வேறுபாடு ஒன்று பெரிதும் உதவும். விளங்க வைத்தலை அழகென்றும் மயங்க வைத்தலைக் குற்றமென்றும் நன்னூலார் கூறினார். ஆயின், அவர் கூறியது நூலுக்கு, செய்யுளுக்கு அன்று. செய்யுளைப் பற்றிக் கூறவந்த தொல்காப்பியனாரோ உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பொருள் மறைந்து நிற்கும் நெறிகளை வகுத்தார். அவ்விரு நெறியிலும் மறைவது பொருளேயன்றிச் சொல் அன்று என்பதை ஊன்றி நோக்குக. சங்கப் பாட்டில் வரும் மலையும் சுனையும் விலங்கும் ஐயமின்றி விளங்கும்; அவற்றின் பின் நிற்கும் தலைவியின் நெஞ்சே மறைந்திருக்கும். ஆகவே மயக்கம் இரு வகைத்து. சொல் காதில் விழாமையால் வருவது ஒலிமயக்கம். சொல் முழுதும் விழுந்தும் அதன் அப்பால் உள்ளது தொலைவில் நிற்றலால் வருவது பொருள்மயக்கம். 'மர்மர்' முதல்வகையால் வாழ்ந்தது. 1986ஆம் ஆண்டுத் தொகுப்பு முதல்வகையைத் துறந்து இரண்டாம் வகையைக் கைக்கொண்டது என்பதே எம் துணிபு. பாட்டுகளை நோக்குவாம்.

'கயஹோகா' என்னும் பாட்டு மில்ஸின் பேஸ் கிதாரில் தொடங்கும். அப்பெயருடைய ஆறு ஒகையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரூடே ஓடி ஈரி ஏரியிற் கலப்பது. ஆலைக் கழிவும் எண்ணெயும் படிந்த அவ்வாற்று நீர் 1969 ஜூன் 22இல் தீப்பற்றி எரிந்தது. அஃது எரிந்தது அதுவே முதன்முறையன்று. ஆயினும் அம்முறை நாடெங்கும் பேச்சாயிற்று. நீர் தீப்பற்றுமோ என உலகு நகைத்தது, பின் நாணிற்று. 1972இல் இயற்றப்பெற்ற தூய நீர்ச் சட்டத்துக்குரிய மக்கள் எழுச்சியில் அத்தீயும் ஒரு பொறி. பாட்டில் இச்செய்தி ஒன்றும் நேரே கூறப்படவில்லை. எல்லோரும் கூடிச் சிந்தித்துப் புதிய நாடொன்று தொடங்குவோம் என அழைக்கும் இன்குரலில் அது தொடங்குகின்றது. ஆற்றில் நீந்திய நினைவு வருகின்றது. நிழற்படம் எடுத்த நினைவு வருகின்றது. முன் அங்கு வாழ்ந்தார் இன்று இலர் என்பது மெல்லத் தோன்றுகின்றது. புதிய நாடு தொடங்குவோம் என்னும் அழைப்பு முன்னொரு முறையும் அந்நிலத்தில் எழுந்ததன்றோ? அன்று அவ்வாறு தொடங்கியதன் விளைவே ஆற்றங்கரை மக்களின் அழிவு. இவ்வாறு முதலடி அழைப்பின் இனிமையே பாட்டின் இறுதியில் குற்றச்சாட்டாகத் திரும்புகின்றது.

இப்பாட்டின் திரும்புபகுதி நுட்பமானது. அஃது ஆற்றின் பெயரை நீட்டி நீட்டி அழைப்பது. வேறு சொல் மிகவும் குறைவு. அப்பெயர் அந்நிலத்துப் பழங்குடியினர் மொழியது. வளைந்த ஆறு என்று பொருள் கூறுவர். பாடகர் ஒவ்வோர் அசையையும் தெளிய ஒலிக்கின்றார். 'மர்மர்' பாடகர் விழுங்கிய எழுத்துகளை இவர் ஒன்றும் விழுங்கவில்லை. ஆயினும் கேட்கும் அமெரிக்கருள் அச்சொல்லின் பொருளறிந்தார் எத்துணையர்? ஒலி முழுதும் விளங்கி, பொருள் அதனைப் பேசியவரோடு மறைந்துபோன சொல் அது. தெளிவாக ஒலித்தாலன்றி இம்மறைவை உணர்த்துதல் இயலாது. பெயரையும் முணுமுணுத்திருப்பின், இழந்தது இன்னது என்றே கேட்போர்க்குத் தோன்றியிராது. சந்தைக்காகத் தெளிந்த குரல் என்பார் இந்த ஒரு பாட்டிற்கு விடை கூறுதல் வேண்டும்.

இதனோடு சேர்த்துக் காணத்தக்கது தொகுப்பின் மேலட்டை. அதன் மேற்பாதியில் பில் பெர்ரியின் முகம். கீழ்ப்பாதியில் அமெரிக்கக் காட்டெருமை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோடிக்கணக்கில் இருந்து, சில நூறே எஞ்சுமளவு வேட்டையாடப்பெற்ற விலங்கு அது. முதற்பாட்டாகிய 'பிகின் த பிகின்' பிளிமத் குடியேற்றத்துப் படைத்தலைவர் மைல்ஸ் ஸ்டாண்டிஷைப் பெயர் சுட்டுகின்றது. தொடங்குவதைத் தொடங்கு என்னும் பொருளதாகிய அத்தலைப்பு, கோல் போர்ட்டரின் பழைய நடனப்பாட்டுத் தலைப்பைத் திரித்த சொல்விளையாட்டும் ஆம். 'ஸ்வான் ஸ்வான் எச்' என்பது உள்நாட்டுப் போர்க்காலத்தை நினைவூட்டும் பாட்டு. மின்னொலி அடங்கிய கிதாரோடு நடப்பது. குடியேற்றம், போர், எரிந்த ஆறு என ஒரு நாட்டின் வரலாறே தொகுப்பில் ஊர்வலமாகச் செல்லுகின்றது எனின் மிகையாகாது. அவ்வூர்வலம் வளமார்ந்தது என்று பெயரிட்டதில் உள்ள அங்கதத்தை விரித்துரைத்தல் வேண்டா.

'த ஃபிளவர்ஸ் ஆஃப் குவாத்தமாலா' என்பது இத்தொகுப்பின் தலைசிறந்த பாட்டு எனக் கருதுகிறேன். குவாத்தமாலாவின் மலர்கள் என்பது பொருள். மெல்லிய நடை, இனிய பண். அவ்வூர் மக்கள் இன்முகத்தினர், பண்பினர் எனப் பயணி ஒருவன் கூறுவது போன்ற மொழி. பின் மலர் வருகின்றது. மலர் எங்கும் வருகின்றது, யாவற்றையும் மூடுகின்றது. மலரின் பெயராகப் பாட்டில் வருவது 'அமனிட்டா'. அதுவோ மலரன்று, நச்சுக் காளானை உள்ளிட்ட ஓர் இனத்தின் பெயர். இதற்குமேல் பாட்டு ஒன்றும் கூறவில்லை. கொலை என்னும் சொல் இல்லை. படை என்னும் சொல் இல்லை. அமெரிக்கா என்னும் பெயரும் இல்லை.

கேட்போன் அறிந்திருக்க வேண்டியது இது. 1954இல் குவாத்தமாலாவின் தேர்ந்தெடுக்கப்பெற்ற தலைவர் ஹாகோபோ ஆர்பென்ஸின் ஆட்சி, அமெரிக்க உளவு நிறுவனத்தின் துணையோடு கவிழ்க்கப்பெற்றது. 1960 முதல் 1996 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் மலைநாட்டு மாயன் சிற்றூர்கள் பல அழிக்கப்பெற்றன. ஐக்கிய நாடுகளின் துணையுடன் அமைந்த ஆணையம் 1999இல் அளித்த அறிக்கை, கொல்லப்பெற்றோரும் காணாமற் போனோரும் இரண்டு இலட்சத்தின் மேற்படுவர் என மதிப்பிட்டது. பாட்டு வெளிவந்த 1986இல் இத்தொகை எவர் கையிலும் இல்லை. மலர் மூடியது யாதென இப்போது அறிவோம். கிளியும் குரங்கும் கூறித் தலைவியின் துயரைக் குறிப்பிற் பெறவைத்த புலவர் நெறியை நினைக. ஈண்டும் மலரே கூறப்பட்டது. சவக்குழி குறிப்பிற் பெறப்பட்டது. இறைச்சி என்னும் குறியீட்டை வேற்றுமொழிப் பாட்டுக்கு நீட்டுதல் முற்றும் பொருந்தாது என்பார் உளர். திணைமரபு அங்கில்லை என்பது மெய்யே. நெறி ஒன்றே என்பதும் மெய்யே. இனி, பாட்டின் இடையே பீட்டர் பக் தனித்து இசைக்கும் கிதார்ப் பகுதி ஒன்றுண்டு. தனி வாசிப்பை மிகுதியும் தவிர்த்து வந்தவர் அவர். சொல் நிறுத்திய இடத்திலிருந்து அவர் கிதார் எழும்போது, சொல்லாமல் விடப்பட்டது யாதென உள்ளம் துணுக்குறுகின்றது.

'ஃபால் ஆன் மீ' என்னும் பாட்டைத் தம் பாடல்களுள் மிக விரும்பியவற்றுள் ஒன்றாக ஸ்டைப் சுட்டியதுண்டு. என்மேல் வீழ் என்பது தலைப்பின் பொருள். வீழாதே என வானை நோக்கி வேண்டுவது பாட்டு. தலைப்பும் வேண்டுகோளும் முரணி நிற்றலை நோக்குக. இதன் முதல் வடிவம் அமில மழையைப் பற்றியதாக இருந்தது. நிலக்கரி எரிக்கும் மின்னிலையங்களின் கந்தகப் புகை மேகத்தோடு கலந்து, ஏரியின் மீனையும் காட்டின் மரத்தையும் கொல்லும் மழையாக இறங்கியது அக்காலத்துப் பெருங்கவலை. அமெரிக்காவில் அதனைக் கட்டுப்படுத்தும் சட்டத்திருத்தம் 1990இல்தான் வந்தது. பாட்டு வளர வளர, மழை என்னும் குறிப்பு நீங்கி, தலைமேல் வீழும் எல்லா அடக்குமுறைக்கும் பொதுவாயிற்று. சாய்ந்த கோபுரத்திலிருந்து பொருளை வீழ்த்திப் பார்த்தார் எனக் கலிலியோவைப் பற்றி வழங்கும் கதையும் அதன் தொடக்கத்தில் நிழலாடுகின்றது. வீழ்ச்சியை அளந்த அறிவியலும், வீழ்ச்சியை உண்டாக்கிய ஆலையும், வீழ்ச்சிக்கு அஞ்சும் மனிதனும் ஒரு பாட்டில் அமைந்தனர்.

இசையமைப்பால் இப்பாட்டு இன்னும் சிறந்தது. ஸ்டைப் ஒன்று பாட, உடன்பாடுவோர் வேறு சொல்லை வேறு பண்ணிற் பாடுகின்றனர். ஒவ்வொரு குரலும் தனித்தனியே தெளிவுடையது. மூன்றும் கூடியவிடத்துச் செவி ஒன்றைப் பற்றினால் மற்றொன்றை விடுகின்றது. ஆகவே மயக்கம் மீண்டும் வந்தது. ஆயின், இது வாய் மூடிப் பாடியதால் வந்த மயக்கமன்று. பல வாய்கள் ஒருங்கு திறந்ததால் வந்தது. மறைத்தற்கு இருளே வேண்டும் என்பதில்லை, ஒளி பலவாயினும் பொருள் மறையும் என்பதைக் குழுவினர் இப்பாட்டில் கண்டுகொண்டனர். இத்தகைய பாட்டு வணிகப் பட்டியலில் 94ஆம் இடத்தில் நின்றுவிட்டது என்பதையும் சேர்த்து எண்ணுக. சந்தைக்காகவே செய்த பொருளெனின், சந்தை அதனைப் பெரிதும் வாங்கவில்லை.

குறைகளையும் கூறுதல் முறை. தெளிவு எல்லாப் பாட்டையும் உயர்த்தவில்லை. 'ஐ பிலீவ்' என்னும் பாட்டு, பாஞ்சோ இசையோடு அழகாகத் தொடங்கிப் பின் நம்பிக்கைகளை அடுக்கிச் செல்லும். முன்னாளில் இவ்வடுக்கு காதில் அரைகுறையாக விழுந்திருப்பின் ஆழமாகத் தோன்றியிருக்கும். இப்போது முழுதும் விழுகின்றது. சில இடங்களில் ஆழமின்மையும் உடன் விழுகின்றது. தெளிவு ஒரு தேர்வுக்களம். அக்களத்தில் எல்லாரும் வெல்லுதல் இல்லை. 'தீஸ் டேஸ்' பாட்டின் ஊக்கம் மெய்யானதே. ஆயினும் டிரம்மின் அடி மிகையாக முன்வந்து, இளைஞர் கூட்டத்தை எழுப்பும் பாசறை முரசு போல ஒலிக்கின்றது. 'ஹயீனா' முதலிய இரண்டொரு பாட்டுகள் முன்னரே புனைந்து வைத்திருந்தவை. இடம் நிரப்ப வந்தவை என்னும் எண்ணம் எழாமலில்லை. இறுதியில் வரும் 'சூப்பர்மேன்' குழுவின் சொந்தப் பாட்டன்று. 'த கிளீக்' என்னும் குழு 1969இல் பாடியது. ஈண்டு மில்ஸ் பாடுகின்றார். இனிய விளையாட்டு, அவ்வளவே. குவாத்தமாலாவின் மலரைக் கண்ட தொகுப்பு இவ்விளையாட்டில் முடிதல் எனக்குச் சிறிது உறுத்தலே. அட்டையில் இப்பாட்டின் பெயரை அச்சிடாது விட்டமையால், குழுவினர்க்கும் அவ்வுறுத்தல் இருந்தது போலும் என எண்ணத் தோன்றுகின்றது.

பின்வந்த வரலாறு எம் துணிபுக்கு மேலும் ஒரு சான்று தருகின்றது. 1987இல் ஸ்காட் லிட் உடன் இயங்கி உருவாக்கிய 'டாக்யுமென்ட்' தொகுப்பு பத்து இலட்சம் படிகள் விற்றது. அதில் வரும் 'த ஒன் ஐ லவ்' என்னும் பாட்டு வணிகப் பட்டியலில் ஒன்பதாம் இடத்தை எட்டியது. யான் காதலிப்பவர் என்னும் பொருளுடைய அத்தலைப்பைக் கொண்டு அதனைக் காதற்பாட்டாகவே பலர் கொண்டனர். பாட்டின் சொற்களோ மிகச் சில; ஒவ்வொன்றும் குழந்தைக்கும் விளங்குவது. அச்சில சொற்களுள், காதலிக்கப்பட்டவரைப் பொழுது போக்கும் கருவியாகக் கூறும் ஓர் அடி உண்டு. அது ஒளிந்து நிற்கவில்லை, நடுவெளியில் நிற்கின்றது. இலட்சக்கணக்கானோர் அதனைக் கேட்டும் கேளாராயினர். 1983இல் சொல் கேட்கவில்லை. சிலர் கூர்ந்து கேட்டனர். 1987இல் சொல் முழுதும் கேட்டது; பலர் கூர்ந்து கேட்கவில்லை. பெருவழியின் உண்மையான இடர் இதுவே. அவ்விடர் பாடுவோன் நாவில் இல்லை. கேட்போர் செவியில் உள்ளது. குழுவைக் குறைகூறிய பழைய அன்பர், குற்றத்தை இடம் மாற்றி இட்டனர்.

1988இல் குழு வார்னர் பிரதர்ஸ் என்னும் பெருநிறுவனத்திற் சேர்ந்தது. அவ்வாண்டு வந்த 'கிரீன்' தொகுப்பின் அட்டையில், ஒரு பாட்டின் சொற்கள் முதன்முதலாக அச்சேறின. 1991இல் உலகப்புகழ் வந்தது. 2011இல் குழு கலைந்தது. சொல்லை மறைத்தவர் சொல்லை அச்சிட்டுக் கொடுக்கும்வரை வந்த இந்நெடுவழியின் திருப்புமுனை எதுவெனின், பெருநிறுவனத்தோடு செய்த உடன்படிக்கை என்பர் பலர். அன்று. அதற்கு இரண்டாண்டு முன்னரே, இந்தியானாவின் ஒலிப்பதிவுக் கூடத்தில், சிறு நிறுவனத்தின் பெயரிலேயே அத்திருப்பம் நிகழ்ந்துவிட்டது. பணம் பின்னர் வந்தது. குரல் முன்னர்த் தெளிந்தது.

'ஃபால் ஆன் மீ' பாட்டிற்கு ஸ்டைப் தாமே இயக்கிய ஒரு படம் உண்டு. பாடுவோர் முகம் அதில் இல்லை, நடனம் இல்லை. கருப்பு வெள்ளையில் ஒரு கற்சுரங்கம் காட்டப்படுகின்றது. அதன்மேல் பாட்டின் சொற்கள் பெரிய எழுத்துகளாக ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. மூன்றாண்டுக்கு முன் எவர்க்கும் பிடிபடாத சொல்லை முணுமுணுத்தவர், இங்கு எழுத்தெழுத்தாகக் கண்ணெதிரே நிறுத்துகின்றார். படிப்போன் ஒரு சொல்லையும் தவறவிடல் இயலாது. ஆயின், எழுத்துகளின் பின்னே உள்ள அச்சுரங்கத்தை அவர் தலைகீழாகக் காட்டியுள்ளார். சொல் நேராக நிற்கின்றது. பாறையும் நிலமும் மேலிருந்து தொங்குகின்றன.